வேகத் தடம்

காலையில் நீந்திவிட்டு வந்தால் எனக்குக் காபிகூடத் தேவைப்படாது, இன்ஸ்பெக்டர். பின்லாந்தின் நவம்பர் இருட்டில் வேறு எதுதான் மனிதரை எழுப்பும்?

எங்கள் நீச்சல் கூடத்தில் ஒரு ஓரத்துத் தடம், இடுப்பில் மிதவைப் பட்டை கட்டி, தண்ணீரில் நிமிர்ந்தபடியே ஓடுகிறவர்களுக்கு. எதிர் ஓரம் வேகமாக நீந்துகிறவர்களுக்கு. முன்னால் போகிறவரைத் தாண்ட வேண்டுமென்றால் அவர் பாதத்தை விரலால் தொட்டால் போதும். அவர் ஒதுங்கி வழிவிடுவார். யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஓர்வொக்கியும் அவள் தோழி ஹெல்வியும் பட்டையோடு வேகத் தடத்துக்குத்தான் வருவார்கள். அவர்கள் தடத்தில் நெரிசலாம். அக்கம்பக்கமாக மிதந்து, யாரோ அண்டைவீட்டுக்காரரின் மூலநோயைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓடுவார்கள். ஓர்வொக்கி குளிக்காமலே இறங்குவாள். சவுனா நீராவி அறையில் வழிந்த வியர்வை அவள் கழுத்து மடிப்புகளில் பளபளக்கும். வாயில் எப்போதும் உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாய். எச்சிலைத் தண்ணீரிலேயே துப்புவாள். ஒருமுறை நான் மூச்செடுக்க வாயைத் திறந்தபோது, அவள் குதிகால் பிளாஸ்திரி கழன்று வந்து என் நாக்கில் ஒட்டியது. கொழகொழவென்று, வெதுவெதுப்பாக. பல் மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்வது என் வேலை. வாய்களிலிருந்து வருவதெல்லாம் எனக்குப் பழக்கம். ஆனாலும் அன்று முழுக்க ஒரு கவளம் இறங்கவில்லை.

போன வாரம் அவள் பாதத்தைத் தொட்டேன்.

"அய்யய்யோ, யாரோ காலைச் சுரண்டுறாங்கடி!"

"மீனு கடிக்குதோ என்னவோ," என்றாள் ஹெல்வி.

"மீனாவது பரவால்ல. இது அந்த ஊமைக்கோட்டான்."

"பாவம், வழியைத்தான் விடேன்."

"வாய் இருக்குல்ல? வாயைத் தொறந்து கேக்கட்டும், விடுறேன்."

"ஆழத்துல வந்து வம்பு வளக்காதடி. உனக்கு நீச்சலும் தெரியாது."

"பட்டை இருக்கிற வரைக்கும் எனக்கென்ன? இது மட்டும் இல்லன்னா கல்லு மாதிரி அடியில கெடப்பேன்."

கூடம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை.

நேற்று ஹெல்விக்கு மூட்டுவலி, வரவில்லை. சிறுவர் குளத்தில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டதால் நீச்சல் கூடத்து உயிர்காப்பாளர் வலையோடு அங்கே போயிருந்தார். ஆழமான பகுதியில், தடத்தின் நட்டநடுவில் ஓர்வொக்கி ஓடிக்கொண்டிருந்தாள். பாதத்தைத் தொட்டேன். ஒதுங்கவில்லை. மறுபடியும் தொட்டேன். திரும்பிப் பார்க்காமலே துப்பினாள். அந்தக் கறுப்புக் கோழை என் நீச்சல் கண்ணாடியில் வழிந்தது.

வயிற்றை அழுத்துகிறதென்று அவள் பட்டையின் கொக்கியை முதுகுப்பக்கம் போட்டிருப்பாள். இரண்டு பக்கமும் அமுக்கினால் விட்டுக்கொள்ளும். அமுக்கினேன். பட்டையை எடுத்துப்போய், ஈரம் வடியட்டும் என்று விளிம்பில் வைத்தேன். பிறர் பொருளை நான் வீசியெறிவதில்லை.

அடுத்த தடத்தில் இரண்டு பேர் அவள் கைகள் மேலே வருவதைப் பார்த்தார்கள். குளத்தில் ஒருவரை உற்றுப் பார்ப்பது மரியாதையல்ல என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள். அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வழிவிட்டிருப்பாளே என்கிறீர்கள். அறிமுகமில்லாதவர்களிடம் பேச்சுக் கொடுத்துச் சங்கடப்படுத்துகிற பெண் அல்ல நான்.

நான் நீந்தத் தொடங்கினேன். அப்போது கீழேயிருந்து அவள் விரல்கள் என் பாதத்தைத் தொட்டன. இத்தனை காலத்தில் அவள் விதியை மதித்தது அதுதான் முதல் தடவை. நான் உடனே ஒதுங்கி வழிவிட்டேன்.