வெயில் பக்கத்து டிக்கெட்

எனக்கு வயசு எழுபத்திரண்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். காது மட்டும் இன்னும் கூர்மை.

மயிலாப்பூர் குளத்தண்டை பஸ் ஏறினேன். முன் சீட்டில் அப்பா, அம்மா, கல்யாண வயசில் ஒரு பெண். டென்னிஸ் பந்தயத்துக்கு டிக்கெட் வாங்கக் கிளம்பியிருந்தார்கள்.

"வெயில் பக்கமே வாங்குங்கோ. அப்பதான் பொண்ணு பளிச்சுன்னு தெரிவா" என்றாள் அம்மா.

"மூணு மணி நேரம் வெயில்ல உட்கார்ந்தா கறுத்துடுவாளேடி!"

"அதுக்குள்ள பார்த்துடுவா. பிள்ளையாத்துக்காரா எதிர்ல, நிழல்ல வாங்கியிருக்கா. ஆத்துக்கு வந்து சொஜ்ஜி பஜ்ஜி தின்னுட்டு வேண்டாம்னா தெருவே சிரிக்கும். அங்கேன்னா யாருக்குத் தெரியும்?"

"எல்லாரும் பந்து பின்னாடியே தலையை ஆட்டிண்டிருப்பா. இவளை எப்போ பார்க்கறது?"

"பந்து இவ பக்கம் வரச்சே பார்க்கட்டும்."

அதுவரை ஜன்னலையே பார்த்திருந்த பெண் திரும்பினாள்.

"மைதானத்துக் கோடியில வாங்குங்கோப்பா. அங்கேருந்துதான் ஆட்டம் நன்னாத் தெரியும்."

"அவாளுக்கு நீ தெரிய மாட்டியேடி!" என்றாள் அம்மா.

"இப்பேர்ப்பட்ட ஆட்டத்தை விட்டுட்டு என்னைப் பார்க்கறவரோட நான் என்னத்தைப் பேசறது?"

அப்பா இறங்க எழுந்தார். "கோடியிலேயே மூணு வாங்கிடறேன்" என்றார். அம்மாவும் பெண்ணும் பின்னாலேயே இறங்கினார்கள்.

பேத்தி செல்வி, இதைச் சத்தமாகப் படி கண்ணு. ஞாயித்துக்கிழமை உன்னைப் பெண் பார்க்க வருகிறார்களே, உன் அம்மா காதிலும் விழட்டும்.