டீசல் வண்டியில பெட்ரோல்

— நான் டீசல்னுதான் தம்பி சொன்னேன். அந்தப் பங்க்குப் பொண்ணு காதுல என்ன விழுந்துச்சோ.

— கொஞ்சம் தள்ளிக்கங்க சார், டேங்க் மூடியத் தொறந்து பாக்கறேன்... ஐயையோ. மோந்து பாத்தாலே தெரியுது. சுத்தமான பெட்ரோல் சார் இது.

— நான் சொல்றேன் கேளுங்க. பங்க்குல இருந்து வெளிய வரும்போது உங்க வேன் நல்லாத்தான் ஓடுச்சு. இந்த வளைவு திரும்பினதும் கடகடன்னு ஒரு சத்தம். மிதிச்சா வேகம் எடுக்கல. ரெண்டு உதறு உதறிட்டு அப்படியே நின்னுடுச்சு.

— நின்னதுக்கப்புறம் சாவியத் திருகிப் பாக்கலையே?

— அது வந்து...

— திருகினாருப்பா. நாலஞ்சு தடவ.

— சரிங்கம்மா. பரவாயில்ல சார். உள்ள பெட்ரோல் இருக்குன்னு நீங்க என்ன கனவா கண்டீங்க.

— மெக்கானிக் வந்து டேங்கக் கழுவிட்டா சரியாயிடும்ல தம்பி?

— டேங்க், பைப்பு, ஃபில்டர் எல்லாத்தையும் கழட்டிப் பாக்கணும் சார். பம்ப்புல அடி விழாம இருந்தா நம்ம அதிர்ஷ்டம். மரவேலைக்காரன் நான், எனக்கென்ன தெரியும். உள்ள இருக்கற கட்டில், அலமாரி எல்லாம் நானே இழைச்சது. அதுல எது உடைஞ்சாலும் ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுவேன். எஞ்சின்னா கைய விரிச்சுட்டு நிக்கறதுதான்.

— ஆகற செலவு எல்லாம் என்னுது தம்பி. அத மட்டும் மறுத்துடாதீங்க.

— நீங்க எதுக்கு சார்? வாங்கறதுக்கு முன்னாடி வண்டிய ஓட்டிப் பாக்க இதுவரைக்கும் எத்தனையோ பேர் வந்தாங்க. ஒருத்தராவது எண்ணெய் போட்டுக் கொண்டு வந்து விட்டாங்களா? நீங்க நல்ல மனசோட போட்டீங்க. அதுக்குத் தண்டனையா? இதுக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பங்க்குதான். இருங்க, ஒரு போன் போடறேன்.

— போன்லாம் எதுக்கு...

— ஹலோ, பங்க்கா? மேனேஜர்கிட்ட குடுங்க... ஆமா சார், கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒரு பச்சை வேன் வந்துச்சுல்ல, உள்ள கட்டில் வச்சது. அது என் வண்டி. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டு அனுப்பியிருக்கு உங்க பொண்ணு... என்னது? கேட்டுட்டுத்தான் போட்டாளாமா? சார், ஓட்டினவர் யார் தெரியுமா? பஸ் டிரைவரா இருந்து ரிடையர் ஆனவர். பஸ்ஸுன்னா டீசல். அவர் வாயில பெட்ரோல்னு வருமா? கொஞ்சமாவது பொருத்தமா பொய் சொல்லச் சொல்லுங்க... ம்... ம்... சரி. அப்படியே செய்ங்க. நன்றி.

— என்ன... என்ன சொன்னாரு?

— புதுசாச் சேந்த பொண்ணாம் சார். பங்க் சட்டையத் திருப்பி வாங்கிட்டு இப்பவே வீட்டுக்கு அனுப்பிடறேன்னுட்டாரு.

— அவ்வளவு தூரம் எதுக்குத் தம்பி? சின்னப் பொண்ணு.

— உங்களுக்கு இளகின மனசு சார். சரி, நான் பைக்குல போய் மெக்கானிக்கக் கையோட கூட்டிட்டு வந்துடறேன். ரெண்டு பேரும் உள்ள கட்டில்ல உக்காருங்க, வெயில்ல நிக்காதீங்க. அம்மா, அலமாரியில தண்ணி இருக்கு. சார், சாவிய மட்டும் தொடாதீங்க.

— இல்ல, தொடல. போயிட்டு வாங்க.

— ...போயிட்டாரு.

— ம்.

— பெட்ரோல்னுதான சொன்னீங்க.

— நீ வேற ஆரம்பிக்காத.

— நான் உங்க பக்கத்து சீட்டுலதான் இருந்தேன். என் காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.

— நான் சொல்றேன் கேளு. அப்ப நான் உன்கிட்ட எதப் பத்திப் பேசிட்டிருந்தேன்? காலையில பாத்த அந்த வெள்ளை வேனப் பத்தி. பெட்ரோல் வண்டி மேட்டுல திணறும், பெட்ரோல் வண்டி குடிச்சுத் தீத்துடும், பெட்ரோல் வண்டியில இத்தன பாரம் ஏத்த முடியாதுன்னு. அந்த நேரம் பாத்து அவ ஜன்னல்கிட்ட வந்து ‘என்ன போடணும் சார்’ன்னா. வாய் நெறைய இருந்ததுதான் வெளிய விழுந்துச்சு.

— அது யாருக்கும் வரும். அதுல ஒரு குத்தமும் இல்ல.

— அப்புறம் என்ன?

— அதுக்கப்புறம் நீங்க சொன்னீங்களே, அதுதான்.

— என்னால முடியலம்மா. அவன் வந்து இறங்கினதும் ‘சார் நீங்க இருந்துமா இப்படி’ன்னு ஒரு பார்வ பாத்தான். ஆயுசு பூரா டீசல் வாசனையோட வீட்டுக்கு வந்தவன் நான்.

— அந்தச் சட்டையத் தொவச்சவ நான்.

— அதான் சொல்றேன். சாவி வாங்கும்போதுதான் அவன் முன்னாடி அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தேன். டீசல்னா இழுவ, டீசல்னா ஆயுசு, வண்டி வாங்கறவன் கண்ண மூடிக்கிட்டு டீசலத்தான் எடுக்கணும்னு. இப்ப அதே வாயால ‘நான்தான் பெட்ரோல் போடச் சொன்னேன்’னு எப்படிச் சொல்றது? பழைய டெப்போ ஆளுங்க காதுக்குப் போனா சிரிச்சே செத்துடுவாங்க.

— அதுக்காக ஒரு பொண்ணு வேல போகணுமா?

— போகும்னு எனக்குத் தெரியுமா? ரெண்டு திட்டு திட்டுவாங்க, அதோட போயிடும்னு நெனச்சேன். அவன் அங்க போன்ல கத்தறான், நான் என்ன பண்ணேன் தெரியுமா? கைக்குட்டைய எடுத்துக் கதவு கைப்பிடியத் துடைச்சுக்கிட்டு நின்னேன். அதுல ஒரு தூசியும் இல்ல.

— பாத்தேன்.

— பாத்தியா?

— பாக்காம என்ன. சாவியத் திருகக் கூடாதுன்னும் உங்களுக்குத் தெரியும். சத்தம் வந்ததுமே தெரிஞ்சுடுச்சு, இல்லையா?

— சத்தம் வந்ததுமே தெரிஞ்சுடுச்சு. அப்படி இருக்காது, அப்படி இருக்கக் கூடாதுன்னுதான் திரும்பத் திரும்பத் திருகினேன். போதுமா? நீ ஏன் அப்ப வாயத் தொறக்கல? ‘ஏங்க, இது டீசல் வண்டி’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும்ல?

— உங்களத் திருத்தற பழக்கம் எனக்கு விட்டுப் போச்சு.

— அது என்ன பேச்சு?

— காலையில வெள்ளை வேன்காரர் என்ன சொன்னாரு? எப்பவாவது ஒரு தடவ எடுக்கறதுக்கு, பக்கத்துல போயிட்டு வரதுக்குப் பெட்ரோல்தான் தோதுன்னாரு. இந்தக் காலத்து டீசல் வண்டிய நீளமா ஓட்டிக்கிட்டே இருக்கணும், இல்லாட்டி புகைக் குழாயில கரி அடைச்சுக்கும்னாரு. நான் அதத்தான் உங்ககிட்ட திருப்பிச் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?

— என்ன சொன்னேன்?

— ‘உள்ள அடுப்பு எரியுதான்னு போய்ப் பாரு, எஞ்சின நான் பாத்துக்கறேன்’னீங்க. அந்த ஆளு பாவம், எங்க பாக்கறதுன்னு தெரியாமத் தன் செருப்பப் பாத்துக்கிட்டாரு.

— சும்மா தமாசுக்குச் சொன்னது அது. அத எதுக்கு இப்ப இழுக்கற?

— இழுக்கல. கேட்டீங்க, சொன்னேன்.

— நான் எங்க கேட்டேன்?

— ஆமா. நீங்க எங்க கேட்டீங்க.

— ...இந்த வேன் யாருக்காக வாங்கறேன்? உனக்காகத்தான. ‘ஊரையெல்லாம் ஏத்திட்டுப் போனீங்க, என்னை எங்க கூட்டிட்டுப் போனீங்க’ன்னு நீ கேக்காத நாள் உண்டா?

— எனக்காகன்னா எனக்குப் புடிச்ச வண்டி எதுன்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம். சரி, விடுங்க. அது இப்ப முக்கியமில்ல... அதோ ரோட்டோரமா வரது அந்தப் பொண்ணுதான?

— எங்க?

— எதிர்ப் பக்கம். பை மாட்டிக்கிட்டு. பங்க் சட்டை இல்ல, சொந்தச் சட்டை போட்டிருக்கு.

— அவதான்... அழுதுக்கிட்டா வரா?

— இல்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டு விறுவிறுன்னு வரா. அழுதாக்கூடத் தேவல.

— இந்த வழியாவா வரணும்? வண்டியப் பாத்தா அடையாளம் தெரிஞ்சுடும். அந்த ஜன்னல் திரைய இழுத்து விடு.

— என்னது?

— திரைய இழுத்து விடுன்னேன். சீக்கிரம்.

— உங்க கையால இழுத்துக்கங்க.

— கொஞ்சம் தள்ளு, நானே இழுக்கறேன்.

— இழுத்துக்கங்க. கை எட்டற தூரத்துலதான இருக்கு. ஏன் நிறுத்திட்டீங்க?

— சீ. என்ன மனுஷன் நான்.

— எங்க போறீங்க?

— இறங்கு. நீயும் வா.

— நீங்க போய்ப் பேசுங்க. நான் எதுக்கு?

— தனியாப் போனா பாதியிலயே திரும்பிடுவேன். எனக்கு என்னைப் பத்தித் தெரியும். கூட வா... பாப்பா! ஏம்மா, கொஞ்சம் நில்லும்மா!

— என்ன சார்? இன்னும் என்ன?

— கோவப்படும்மா. நல்லாக் கோவப்படு. நான் பெட்ரோல்னுதான் சொன்னேன். நீ சரியாத்தான் போட்ட. நான்தான் அவர்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்.

— தெரியும் சார்.

— நீ உங்க மேனேஜர்கிட்ட சொன்னியா?

— சொன்னேன். பஸ் ஓட்டினவர் பொய் சொல்வாரா, நேத்து வந்த நீ பொய் சொல்வியான்னு கேட்டாரு. அதுக்கு மேல என்ன சொல்றது?

— அந்த நம்பரச் சொல்லு. இங்கயே, உன் முன்னாடியே பேசறேன்... ம்... ஹலோ, மேனேஜருங்களா? பச்சை வேன ஓட்டிட்டு வந்தேன்ல, அந்த ஆளு பேசறேன். ஐயா, அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல... இல்லைங்க, யாரும் மிரட்டல. நான்தான் பெட்ரோல் போடச் சொன்னேன்... ஆமா, பஸ் டிரைவர்தான்... ஆமாங்க, வெக்கமாத்தான் இருக்கு... என்னது? ஸ்பீக்கர்லயா? சரி, போடுங்க. அங்க இருக்கற எல்லாரும் கேக்கட்டும்... அந்தப் பொண்ணு கேட்டுச்சு, நான் பெட்ரோல்னு சொன்னேன். அப்புறம் மாட்டிக்கக் கூடாதுன்னு பொய் சொன்னேன்... சிரிக்கறாங்களா? சிரிக்கட்டும். சட்டையத் திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல? ...நேரா வந்து சொல்லணுமா? வரேன். அவளோட சேந்தே வரேன்.

— என்ன சொன்னாரு சார்?

— வேலைக்குத் திரும்பி வரச் சொன்னாரும்மா. நானும் வந்து நேர்ல சொல்லணுமாம். நியாயந்தான. முதல்ல வண்டிக்காரத் தம்பி வரட்டும், அவர்கிட்டயும் சொல்லிட்டுப் போயிடலாம். அவர்கிட்ட சொல்றதுதான் இதவிடக் கஷ்டம். என்னப் போய் இளகின மனசுன்னாரே.

— நானும் உங்ககூட நின்னு சொல்றேங்க.

— நீ எதுக்கு? நீ என்ன தப்பு பண்ண? நீ பக்கத்துல நின்னாப் போதும். நீ மட்டும் இல்லாட்டி இன்னேரம் திரைய இழுத்து விட்டுட்டு உள்ள பதுங்கியிருப்பேன். உண்மையச் சொல்றேன், இன்னைக்கு உன் முகத்தப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு.

— அப்படிச் சொல்லாதீங்க.

— சொல்றேன் கேளு. அந்த வெள்ளை வேனே எடுத்துக்கலாம். பெட்ரோல்தான் நமக்குச் சரி. எப்பவாவது ஒரு தடவ போறோம், ரெண்டு பேரு, சின்னத் தூரம். காலையில நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும், நீ சொல்றது சரின்னு. ஒத்துக்கத்தான் வாய் வரல.

— இப்ப வேண்டாங்க. வண்டிப் பேச்சே இப்ப வேண்டாம்.

— ஏன் அழற? எல்லாம் சரியாயிடுச்சுல்ல? பாப்பா, நீயாவது சொல்லும்மா.

— அம்மா, அழாதீங்க. வேல திரும்பக் கிடைச்சிருச்சே. சார், என் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு. டேங்க் மூடியில டீசல்னு எழுதியிருந்ததப் பாத்தேன். பாத்துட்டும் போட்டிருக்கக் கூடாது. இன்னொரு தடவ கேட்டுட்டுத்தான் போட்டேன், இருந்தாலும்.

— கேட்டியா? என்கிட்ட நீ ஒரு தடவதானம்மா கேட்ட. அதுக்கப்புறம் நான் தண்ணி பாட்டில் வாங்கக் கடைக்குள்ள போயிட்டேனே. யார்கிட்ட கேட்ட?

— அது... யார்கிட்டயோ சார். பக்கத்துல யாரோ நின்னாங்க. சரியா ஞாபகம் இல்ல.

— அவளுக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. வண்டிக்குள்ள உக்காந்திருந்த என்கிட்டதான் கேட்டா. டீசல் வண்டின்னு தெரிஞ்சேதான் நான் ‘சார் சொன்னத அப்படியே போடும்மா’ன்னு சொன்னேன்.