கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

— தம்பி, கையில இருக்கிறதை அப்படியே கீழே வை.

— கையில போன்தான் அண்ணி இருக்கு. கீழே வெச்சா எப்படிப் பேசுறது?

— விளையாடாதே. ஃபைபர் கேபிளைக் கழட்டிட்டீங்களா?

— கழட்டியாச்சு. முனையைத் துடைக்கணும்ல? வெளிச்சம் மங்கலா வருதுன்னு சிக்னலைப் பெருக்கிற இந்த பூஸ்டர் ரூமுக்கு விரட்டினதே கன்ட்ரோல் ரூம் மகாராணி நீங்கதானே.

— தூசு பார்க்கிற லென்ஸை முனைக்கிட்ட கொண்டு போகாதே.

— ஏன்? கழட்டினா லேசர் தானா அணைஞ்சிடும். இது தெரியாதவனா நானு?

— அணையாது. தானா அணைக்கிற ‘ஆட்டோ கட்’டை நான் ஆஃப் பண்ணிட்டேன்.

— என்னது?

— காலையிலேர்ந்து சிக்னல் தேய்ஞ்சு தேய்ஞ்சு வந்துது. அது சும்மா சும்மா தானா அணைஞ்சுது. லைன் போகுது, வருது, போகுது. மேல இருக்கிறவங்க பிடுங்கி எடுத்துட்டாங்க. ‘ஆட்டோ கட்’டை எடுத்துட்டு பூஸ்டரைக் கூட்டி வெச்சேன். சிக்னலோட இரைச்சலும்தான் சேர்ந்து பெருகுச்சு. இப்போ அந்த முனையில முழு பவர் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. கண்ணைச் சுட்டுடும்.

— அண்ணி…

— நீ பார்த்தியா? சொல்லுடா, பார்த்தியா?

— நான் பார்க்கலை.

— அப்பாடா.

— அண்ணன்தான் பார்த்துட்டு இருக்காரு.

— பிடுங்கு! லென்ஸைப் பிடுங்குடா!

— பிடுங்கிட்டேன். பிடுங்கிட்டேன் அண்ணி. திட்டுறாரு.

— இரு, அணைக்கிறேன்… அணைச்சுட்டேன். இதோட சேர்ந்து வேற மூணு ஊருக்கும் லைன் போச்சு. போகட்டும். ஸ்பீக்கர்ல போடு.

— சொல்லுங்க மேடம். என் தம்பிக்குப் பேய் பிடிச்சிருக்கா, உனக்கா?

— ஏங்க, எவ்வளவு நேரம் பார்த்தீங்க?

— தூசு தெரியற வரைக்கும். மலை மாதிரி ஒரு தூசு. உன் வெளிச்சத்தைத் தின்னது அதுதான். துடைச்சு மாட்டினா பழையபடி வந்துடும்.

— எந்தக் கண்ணு?

— வலது.

— எரியுதா?

— தண்ணி வருது. இங்கே ஒரே புழுதி. கட்டினவ இவ்வளவு பாசமாக் கேட்டா எவன் கண்ணுலதான் தண்ணி வராது?

— முனையில லேசர் இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பார்க்காம லென்ஸ் வைக்காதேன்னு புதுசா வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் நீங்க.

— அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருக்கேங்கிற தைரியம்தான்.

— அப்படிச் சொல்லாதீங்க. தயவுசெஞ்சு சொல்லாதீங்க.

— சரி, சொல்லலை. இப்போ என்ன பண்ணணும்?

— தம்பி, அவரோட இடது கண்ணைப் பொத்து. உன் கையால. அவர் கையை நம்பாதே, விரல் சந்துல பார்ப்பாரு.

— பொத்திட்டேன் அண்ணி.

— எதிர்ல என்ன இருக்கு? சொல்லுங்க.

— சுவர்.

— சுவர்ல?

— மஞ்சள் போர்டு.

— படிங்க.

— பரீட்சையா வைக்கிறே?

— படிங்கன்னு சொல்றேன்ல!

— ‘எச்சரிக்கை. லேசர் கதிர். முனையை நேராகப் பார்க்காதீர்.’ கீழே வெடிக்கிற சூரியன் மாதிரி ஒரு படம். ஆணி அடிச்ச மகராசன் கோணலா அடிச்சிருக்கான். போதுமா, இன்னும் வேணுமா?

— நிஜமாத் தெரியுதா?

— எழுத்தெழுத்தாத் தெரியுது.

— என் மேல சத்தியமா?

— உன் மேல சத்தியமா. அழாதே. நீ அழுதா பக்கத்து சீட்டுக்காரங்க என்னைத்தான் திட்டுவாங்க. போய்த் தண்ணி குடி.

— ஒரு நிமிஷம் என் உசிரே போயிடுச்சு.

— வந்துடுச்சுல்ல? வை போனை. துடைச்சு மாட்டிட்டுக் கூப்பிடுறேன்.

— வைக்க மாட்டேன். தம்பி, நீ ஏன் வாயே திறக்கலை?

…

— தம்பி?

— ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டு வெளியே வந்துட்டேன் அண்ணி. அண்ணனுக்குக் கேட்காது.

— என்னடா?

— கண் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைங்க. நான் வண்டியை எடுக்கிறேன்.

— படிச்சாரே! எனக்குக் கேட்டுதே!

— வெள்ளையடிக்கப் போர்டைக் கழட்டிட்டாங்க அண்ணி. சுவர் வெறுமையா இருக்கு.