முதுகுக் குழாய்க்குக் காவல்

என் கணவர் முஸிவாகேவுக்கு நடப்பது ரொம்பப் பிடிக்கும். மழையோ வெயிலோ, பொழுது சாய்ந்தால் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி இளைய மனைவி மாஸிபிசியின் வீட்டுக்குப் போய்விடுவார். நான் மூத்தவள். முறை வைத்து வரவேண்டியவர், என் முறையை மட்டும் மறந்துகொண்டே இருந்தார். அதற்காக நான் சண்டை போட்டதில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. எனக்குச் சண்டை வராது.

நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாய் அவருக்கு வீங்கிவிட்டது. டர்பன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஸோண்டி சின்னப் பெண், நல்ல பெண். வீங்கிய இடத்தை எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தாள். அவர் கண் விழித்ததும், "அப்பா, கால் கட்டைவிரலை ஆட்டுங்க" என்றாள். ஆட்டினார். அவள் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அவர் முதுகிலிருந்து வந்த மெல்லிய குழாயை எனக்குக் காட்டினாள். "தண்டுவடத்தைச் சுத்தியிருக்கிற நீர் இதுல சொட்டிக்கிட்டே இருக்கணும்மா. தேங்கினா அழுத்தம் ஏறி அங்க ரத்தம் போகாது, கால் ரெண்டும் விழுந்துடும். நர்ஸுங்க பத்தல. சொட்டு நின்னா ஒரு குரல் குடுங்க."

அவ்வளவு மரியாதையாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் கண் திறந்தார். "மாந்துலி, என் ஷூ எங்க? ஊருக்குப் போனதும் முதல்ல மாஸிபிசியப் பாக்கணும். பாவம், பயந்து போயிருப்பா."

நான் பயந்தேனா என்று கேட்கவில்லை.

அவரைக் கொல்ல எனக்கு மனம் வராது. போர்வையைச் சரிசெய்தேன். அப்படியே குழாயில் சொட்டை நிறுத்துகிற சின்னத் திருகையும் மூடினேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, "சொட்டுதாம்மா?" என்றாள். "சொட்டுது கண்ணு" என்றேன். அவ்வப்போது அவர் கால்விரலைக் கிள்ளிப் பார்த்தேன். முதலில் இழுத்துக்கொண்டார். பிறகு இழுக்கவில்லை. திருகைத் திறந்துவிட்டுக் குரல் கொடுத்தேன்.

டாக்டர் ஸோண்டி அழுதாள். "எங்க தப்பு பண்ணேன்னே தெரியலம்மா." அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பே இல்ல கண்ணு" என்றேன். பொய் சொல்லவில்லை. இப்போது விசாரணை வைத்து அவள் வேலையைப் பறிக்கப் போகிறார்களாம். அநியாயம். அதனால்தான் வந்தேன்.

அவர் என் வீட்டிலேயே இருக்கிறார். மாஸிபிசி பார்க்க வந்தால் நாற்காலி போடுகிறேன். சோளக்களியில் தயிர் ஊற்றி நானே ஊட்டுகிறேன். இன்று காலையும் அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, கண்ணில் படும்படி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவருக்கு என்னிடம் ஒரு குறையும் இல்லை. நான் உள்ளே போனால் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் கண் கூசுகிறது போல.