பிசிறு எடுக்காத எலும்பு

கண்டிப்பும் கனிவும் கலந்த தலைவர் அவர்களே! கத்தி பிடித்த கைகளால் கணக்கற்ற உயிர்களைக் காத்த மருத்துவப் பெருமக்களே! காயத்தைக் கழுவிக் கட்டி, கடுஞ்சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் செவிலித் தாய்மார்களே! காலை இழந்தும் கலங்காமல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் என் உடன்பிறப்புகளே! உங்களை ஏன் ஐயா பன்னிரண்டு படி ஏற்றி உட்கார வைத்தார்கள்?

சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அனைவருக்கும் வணக்கம்.

நான் மருத்துவன் அல்லன். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்களுக்கு இருபத்தாறு ஆண்டுகளாகச் செயற்கைக்கால் செய்பவன். மருத்துவர்களைப் பத்து நிமிடம் பாராட்டிப் பேசச் சொன்னார்கள். பாராட்டத்தான் வந்தேன், வயிற்றெரிச்சல்தான் வாயில் வருகிறது!

ஒரு லேத் பட்டறைக்காரர், கூலிக்கு இரும்பு கடைபவர். இரும்புத் தகடு விழுந்து பாதம் நசுங்கியது, காலை எடுத்தார்கள். உயிர் பிழைத்தது, நன்றி. ஆனால் பிறகு? மிச்சக் காலை நுழைக்கும் கிண்ணம் ஒன்று செய்தேன், ரத்தம். இரண்டாவது செய்தேன், ரத்தம். ஐந்து கிண்ணம் ஐயா, ஐந்து! ஒவ்வொரு முறையும் மருத்துவமனையிலிருந்து வந்த பதில் என்ன? “கிண்ணம் சரியில்லை, மாத்தச் சொல்லு.” நிற்க முடியாதவரைப் பட்டறை வாசலில் உட்கார்த்தி, வருவோர் போவோர் பெயரை எழுதச் சொல்லிவிட்டார்கள்.

அவர் மனைவி அவரையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அஞ்சு செஞ்சீங்க, அஞ்சுலயும் ரத்தம். உங்களுக்கு இந்த வேலை தெரியுமா, தெரியாதா?”

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். பட்டறைக்காரர் என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தார்.

“என்னண்ணே இது, முனையில பிசிறே எடுக்கலையே! நான் இப்படி வெட்டிக் கொடுத்தா, முதலாளி என் மூஞ்சியிலயே விட்டெறிவாரு.”

கேட்டீர்களா? ஒரே பார்வையில் கண்டுபிடித்தார்! முன்னெலும்பின் முனை உளிபோல நிற்கிறது. பக்கத்துச் சிற்றெலும்பு அதைவிட நீளமாகத் துருத்துகிறது. மேலே மூடத் தசை இல்லை, வெறும் தோல். நரம்பின் நுனி தழும்போடு ஒட்டி, தொட்டால் மின்சாரம் அடிக்கிறது. இதற்கு மேல் நான் தங்கத்தில் கிண்ணம் செய்தாலும் ரத்தம் வராதா?

என்ன, நேரமாகிவிட்டதா? சீட்டு வந்திருக்கிறது. வரட்டும்! அவர் இரண்டு ஆண்டு பொறுத்தார். நீங்கள் இரண்டு நிமிடம் பொறுக்கமாட்டீர்களா?

மறு அறுவை கேட்டுப் படத்தோடு போனோம், மூன்று மருத்துவர்கள் திருப்பி அனுப்பினார்கள். நான்காமவர் படத்தைப் பார்த்தார், பழைய கோப்பை வரவழைத்தார், புரட்டினார், முகம் சுருங்கினார். இதோ, இந்த அரங்கின் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். ‘மறைக்காமல் சொல்லுங்கள்’ என்று அனுமதித்தவரும் அவரே.

“உங்க காலை எடுத்த அன்னைக்குப் பெரிய டாக்டரா இருந்தது நான்தான்” என்றார் பட்டறைக்காரரிடம். “புதுசா சேர்ந்தவர்கிட்ட, ‘கால் எடுக்கிறதுதானே, நீங்களே முடிச்சிடுங்க’ன்னு சொல்லிட்டு அடுத்த அறைக்குப் போயிட்டேன்.”

மனைவி கொதித்து எழுந்தார். பட்டறைக்காரர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“சரி சார். இந்தத் தடவை எங்கேயும் போயிடாதீங்க.”

போகவில்லை ஐயா, அவர் போகவில்லை! முந்தின நாளே என்னை அழைத்தார். எங்கே பாரம் விழும் என்று நான் காட்டக் காட்ட, தோலில் பேனாவால் கோடு போட்டார். மறுநாள் எலும்பை இரண்டு விரற்கடை குறைத்தார், முனையைச் சரித்து அரத்தால் இழைத்தார். சிற்றெலும்பை இன்னும் சற்றுக் குட்டையாக்கினார். நரம்பை மேலே வெட்டித் தசைக்குள் ஒளித்தார். கெண்டைக்கால் தசையை முன்னால் கொண்டுவந்து, எலும்பில் துளையிட்டுத் தைத்து, மெத்தைபோல மூடினார். இரண்டரை மணி நேரம். தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை.

வீக்கம் வற்றப் பத்து வாரம். ஆறாவது கிண்ணம் செய்தேன். அவர் மாட்டிக்கொண்டு நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். கழற்றியதும் மனைவி காலுறையைப் பறித்து உட்புறம் வெளிப்புறம் புரட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லையேண்ணே!” என்றவர், அதை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். பட்டறைக்காரர் இப்போது முழு ஷிப்டும் லேத்தின் முன் நிற்கிறார்.

மருத்துவப் பெருமக்களே! ஏன் இந்த வேலை அறுவைப் பட்டியலின் கடைசிக்குப் போகிறது? ஏன் களைத்த கைகளுக்குப் போகிறது? வெட்டி எறிவதற்கா கற்றீர்கள்? நீங்கள் எடுப்பது ஒரு பாதத்தை. விட்டுச் செல்வது ஒருவர் ஆயுள் முழுக்க ஊன்றி நிற்கும் இடத்தை! இனி அந்தப் பட்டியலில் ‘கால் எடுத்தல்’ என்று எழுதாதீர்கள். ‘கால் அமைத்தல்’ என்று எழுதுங்கள். கத்தி எடுக்குமுன் என்னைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவு வசவையும் வாங்கிக்கொண்டு கைதட்டும் உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. நாளைய முதல் அறுவை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள், வந்து நிற்கிறேன். வணக்கம்!