ட்ரெவெல்லக்கில் அடுப்பு அடைத்த தேர்தல்

பாராளுமன்றத்தில் நான் நன்றாகத் தூங்குவேன். வாக்கெடுப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடித்து எழுப்பி, எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று சொல்வார். நடப்பேன். என் தகப்பனாரும் பாட்டனாரும் இப்படித்தான் இங்கிலாந்துக்கு உழைத்தார்கள். அந்தப் பரம்பரைக் குறட்டையை என்னை எதிர்த்து நின்ற ஒரு சர்க்கரை வியாபாரிக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, விசாரணை அதிகாரி அவர்களே. உங்களுக்கு இந்த உத்தியோகம் வாங்கித் தந்ததும் அந்தக் குறட்டைதான், புரிந்துகொள்வீர்கள்.

எங்கள் ட்ரெவெல்லக்கில் சொந்த அடுப்பில் பானை கொதிக்கவைக்கிறவனுக்குத்தான் ஓட்டு. வீடுகள் என்னுடையவை; வாடகையோடு ஓட்டும் வந்துவிடும். இந்தத் தடவை, ரொட்டிக்காரர் மகள் தாமசினைக் கட்டிக்கொண்டு என் குடிசையொன்றில் இருக்கும் தம்பி ஜெர்வஸ், வியாபாரிக்குத்தான் போடுவேன் என்று சாராயக்கடையில் சொல்லிவிட்டான். தெருவே அவன் பின்னால் போயிற்று.

நான் யாரையும் மிரட்டவில்லை. புகைபோக்கி பழுது என்று சொல்லி, கொத்தனாரை விட்டு அந்தத் தெரு அடுப்புகளைச் செங்கல் வைத்து அடைத்தேன். அடுப்பில்லை, ஓட்டில்லை. என் மண்டையில் சொந்தமாக முளைத்த ஒரே யோசனை அது. அதன்மேல் ஒரு பாசம். ஜனவரியில் ஆறே உறைந்திருந்ததை யோசனை கவனிக்கவில்லை.

ஜெர்வஸ் வந்தான். பிள்ளை பிறந்து ஒரு வாரம்.

"அண்ணே, ஓட்டுப் போடற பக்கமே வரமாட்டேன். அடுப்ப மட்டும் திறந்து விடுங்க. புள்ள நீலமாகுது."

"தம்பிக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயமான்னு ஊரு கேக்கும்டா. நான் பொதுவாழ்க்கைல இருக்கறவன்."

மாளிகைக்கு அழைத்திருக்கலாம், அறைக்கு அறை நெருப்பு எரிந்தது. ஆனால் குழந்தை அழும். நானோ வெற்றியுரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அதுவும் வேறொருவர் எழுதியது.

ஜெயித்தேன். வழக்கப்படி நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கி ஊர்வலம் விட்டார்கள். பொய்முடி கோணிவிட்டது, அதுதான் அப்போது என் கவலை. ஜெர்வஸ் வாசலில் தாமசின் ஒரு துணிமூட்டையோடு நின்றாள். அழவில்லை.

"இறங்கி வாங்க அத்தான். வாரிசப் பாத்துட்டுப் போங்க."

நான் தொப்பியை உயர்த்தி வணங்கினேன். வாக்காளர் வீட்டுப் பெண்களை அப்படித்தான் வணங்குவேன். அந்த வாரமே தம்பியும் அவளும் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்கள்.

எனக்குப் பிள்ளையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அடுப்பை அடைக்கச் சொன்னது நான். திறக்க மறுத்ததும் நான். பிள்ளை விறைத்துச் செத்தது அதனால்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எதற்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: எனக்குப் பின்னால் இந்தத் தொகுதி எங்கள் குடும்பத்துக்கே இருக்க வேண்டும்.