டோர்ச் வெளிச்சம்

"உன்ரை ஸ்கேட்டை மழுக்கினது நானில்லை. அப்பாதான்."

டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில் ரயிலேறி என் எதிரே அமர்ந்த அண்ணன், பக்கத்தில் இருந்த தங்கையிடம் சொன்னார். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்திரட்டியிலிருந்து வருகிறார்கள். அண்ணனுக்குக் குளிர் ஜாக்கெட்டின் கீழே வேட்டி. அவள் மடியில் மிஞ்சிய சாப்பாட்டுப் பை.

"வீட்டிலை ஸ்கேட் தீட்டுறது நீங்கள்தானே," என்றாள் அவள்.

"ஓம். ஆனால் போட்டிக்கு முதல்நாள் உன்ரையை அவர் எடுத்துக்கொண்டு போனவர். பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு முடிஞ்ச பிள்ளை குட்டைப் பாவாடையோடை ஐஸிலை ஆடினால் சனம் கதைக்கும் எண்டு பயம். ட்ரெய்னரிட்டை வேண்டாமெண்டு சொல்ல வெக்கம்."

"நான் விழுந்து முழங்கால் போச்சு. பிறகு ஐஸிலை கால் வைக்கேல்லை. நீங்கள் ஹொக்கி விளையாடிக்கொண்டுதான் இருந்தனீங்கள்."

"இவ்வளவு வருஷமும் நீ என்னோடை கதைக்கேல்லை. அவர்தான் செய்தவர் எண்டு அவர் இருக்கேக்கை எப்பிடிச் சொல்லுறது? பழியை நான்தானே சுமந்தனான்!"

அடுத்த பெட்டிவரை கேட்டிருக்கும். ரயில் வேகம் குறைத்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா வீட்டுக்குக் கீழே கெல்டர் அறையிலை என்ரை ஸ்கேட்டைக் கல்லிலை தேய்ச்சதை நான் படியிலை நிண்டு பாத்தனான், அண்ணை. நாளைக்கு நான் வெல்லவேணுமெண்டு தீட்டுறார் எண்டு நினைச்சு, சந்தோஷமாப் போய்ப் படுத்தனான்."

கதவு திறந்தது.

"பக்கத்திலை டோர்ச் பிடிச்சுக்கொண்டு நிண்டது நீங்கள்."